மேடையில் நின்றால் ஆளே தெரியவில்லையாம்: 12 நிமிட உரைக்கு என்ன செய்யலாம்?

நொய்யல்கரை

வணக்கம். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் 12 நிமிடம் பேச வேண்டும், அதன்பின் 3 நிமிடம் கேள்வி. பொருள்: திருப்பூர்ச் சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்து நீரை மீட்ட பிறகு மிஞ்சும் கலப்பு உப்பு. கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் துறைக்காரர்கள், மீதிப்பேர் சாயப்பட்டறை நடத்துகிறவர்கள். பேச்சு தமிழில். சிலைடில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும்.

அரங்கத்தில் 350 இருக்கை. மேடை 3 அடி உயரம். நடுவில் எல்.இ.டி. திரை, அதன் ஓரத்தில் போடியம். போடியம் 4 அடி, என் உயரம் 5 அடி. போடியத்தில் வளையும் கழுத்துள்ள மைக் இருக்கிறது. கையில் பிடிக்கும் மைக், காலர் மைக் இரண்டும் கேட்டால் தருவார்களாம். சேலைதான் கட்டுவேன்.

ஒத்திகை பார்த்தவர்கள் சொன்னது ஒன்றே: "விஷயம் இருக்கு, ஆனா மேடையில ஆள் இருக்கிற மாதிரி இல்ல." குரல் கேட்கிறது, தடுமாற்றமும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் குறை எங்கே? "தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" என்ற அறிவுரை வேண்டாம், போதுமான அளவு கிடைத்துவிட்டது. கை எங்கே, கால் எங்கே, மைக் எத்தனை அங்குலம் என்று சொல்பவர்கள் சொல்லுங்கள்.

---

கட்டியக்காரன்

"ஆள் இருக்கிற மாதிரி இல்லை" என்றால் பெரும்பாலும் ஆள் ஒழுகிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கால் ஆடுகிறது, கண் திரைக்கு ஓடுகிறது, வாக்கியம் முடிவதற்குள் குரல் இறங்கிவிடுகிறது. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இந்த ஓட்டைகளை அடைத்தால் போதும்.

முதலில் மேடைக்கு வருவது. உங்கள் பெயரைக் கூப்பிட்ட நொடியிலிருந்து அவை உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. முன்வரிசையில் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கை கேட்டு உட்காருங்கள். கைப்பை, தண்ணீர் பாட்டில், கோப்பு எல்லாவற்றையும் இருக்கையிலேயே விட்டுவிட வேண்டும். ரிமோட் மட்டும் வலது கையில். சேலை என்பதால் இடது கையால் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் படியேறலாம், அதை அவசரமாகச் செய்யாதீர்கள். நிற்க வேண்டிய இடத்துக்குப் போங்கள், நில்லுங்கள், மூச்சை வெளியே விடுங்கள், கடைசியிலிருந்து நாலைந்து வரிசை முன்னால் இருப்பவர்களைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இதற்கு மொத்தம் 3 நொடி. நடந்துகொண்டே, மைக்கைத் திருகிக்கொண்டே "எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்குகிறவரின் முதல் வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை, அவர் கையைத்தான் பார்க்கிறார்கள்.

போடியத்தை விட்டுவிடுங்கள். 4 அடிப் பெட்டிக்குப் பின்னால் 5 அடி ஆள் நின்றால் கீழேயிருந்து பார்க்கிறவருக்கு முகம் மட்டும்தான் தெரியும், முன்வரிசைக்கு அதுவும் பாதிதான். வெளியே வர விடமாட்டார்கள் என்றால், 6 அங்குல உயரத்தில், இரண்டு கால்களையும் அகட்டி நிற்க இடமுள்ள ஒரு மரப்பலகை மேடை கேளுங்கள். நாற்காலி மெத்தை, செங்கல் எல்லாம் வேண்டாம். கால் ஒருமுறை வழுக்கினால் மீதி 10 நிமிடமும் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வெளியே வந்தால் திரைக்கு எந்தப் பக்கம்? அவையினரின் இடப்பக்கம். தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவன. கண் உங்கள் முகத்தில் தொடங்கி, சிலைடின் வரிக்குப் போய், அடுத்த வரிக்குத் திரும்பும்போது மறுபடி உங்களிடம் வரும். வலப்பக்கம் நின்றால் வரி முடியும் இடத்தில் நிற்கிறீர்கள், கண் உங்களைத் தாண்டி ஓடும். உயிர்போகும் விஷயமில்லை, ஆனால் தேர்ந்தெடுக்க முடியும்போது இடப்பக்கமே நல்லது.

கால்கள் இடுப்பகலத்தில், எடை இரண்டிலும் சமமாக. ஆட்டம் எப்போதும் ஒற்றைக்காலில் எடை போடுவதில்தான் தொடங்கும். ஒரு கால் அலுத்ததும் எடை அடுத்ததற்குப் போகும், பிறகு இங்கே திரும்பும், கடைசியில் ஊஞ்சல் மாதிரி ஆகிவிடும். முழங்காலை இறுக்கிப் பூட்டவும் கூடாது. பூட்டினால் நடுக்கம் தொடை வரை ஏறும்.

கையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது முழங்கையை. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் மணிக்கட்டுக்குக் கீழேதான் கை அசையும். 350 பேர் அரங்கத்தில் அது கோழி சிறகடிப்பது போலத் தெரியும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம் இடைவெளி விட்டால் அசைவு தோளிலிருந்து வரும். பேசாத நேரத்தில் கைகள் தொப்புள் உயரத்தில் ஒன்றின்மேல் ஒன்று தளர்வாக இருக்கட்டும். பின்னால் கட்ட வேண்டாம், முந்தானையைச் சுருட்டவும் வேண்டாம்.

கண்: தென்னைக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி வீசிவிடாதீர்கள். அரங்கத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு முகத்தைப் பிடியுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாக ஒரு முகத்துக்குச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போங்கள். தூரத்தில் ஒருவரைப் பார்த்தால் அவரைச் சுற்றியிருக்கும் பத்துப்பேருக்கும் தங்களைப் பார்ப்பதாகவே தோன்றும். கண்ணைச் சும்மா சுழற்றினால் அந்த ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார்.

இனி வாக்கியத்தின் வால். தமிழில் பேசுகிறவர்களுக்கு உள்ள சிக்கல் இது, ஆங்கில வழிப் பயிற்சிகளில் சொல்லித்தரமாட்டார்கள். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. ஆம், இல்லை, முடியும், முடியாது, கூடும், கூடாது எல்லாமே வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான். மூச்சு தீர்வதும் குரல் இறங்குவதும் அதே இடத்தில். "இந்தக் கலப்பு உப்பைப் பிரிக்காமல் மறுபடி சாயத் தொட்டியில் போட முடியாது" என்ற வாக்கியத்தில் "முடியாது" விழுங்கப்பட்டால் என்ன மிஞ்சுகிறது? பட்டறைக்காரர் தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொள்வார். ஒத்திகை பார்த்தவர்களுக்குக் குரல் கேட்டிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் நீங்கள் மறைந்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

திருத்தும் வழி: பேச்சை எழுதிய தாளில் கடைசிச் சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். வாக்கியத்தை இரண்டு மூச்சாக வெட்டுங்கள். "இந்தக் கலப்பு உப்பைப் பிரிக்காமல்" (சின்ன மூச்சு) "மறுபடி சாயத் தொட்டியில் போட முடியாது." வாய்விட்டுப் படிக்கும்போது அடிக்கோடிட்ட சொல்லை, அதற்கு முந்தைய சொல்லைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். உரக்கச் சொல்ல வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும். சொல்லி முடித்து ஒரு நொடி நில்லுங்கள். அந்த நொடியில் "ஆங்", "வந்து", "என்னன்னா", "சோ" எதுவும் நுழையக் கூடாது. மூச்சு எடுக்கும்போது நாக்கு எதையும் சொல்ல முடியாது என்பதால், அந்த இடத்தில் மூச்சை இழுக்கப் பழகினால் இந்த ஒட்டுச் சொற்கள் தாமாக உதிரும்.

வினையெச்சத்தில் சங்கிலி கோப்பதையும் விடுங்கள். "நீரை எடுத்து, வடித்து, ஆர்.ஓ.வுக்கு அனுப்பி, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பாக்கி..." எழுத்தில் அழகு. மேடையில் மூச்சும் முடியாது, கேட்கிறவர்களுக்கு இறங்க இடமும் இருக்காது. மூன்று வாக்கியமாக உடையுங்கள்.

---

மைக்செட்

சகோதரி, கட்டியக்காரன் ஐயா சொன்னதெல்லாம் மைக் சரியா இருந்தாத்தான் செல்லும். எந்த மைக்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

போடியம் மைக்: வாய்க்கும் மைக்கோட தலைக்கும் நடுவே 20–30 செ.மீ. முகத்துக்கு நேரே நிறுத்தாம, தாடை உயரத்துல வச்சு வாயைப் பார்த்து வளைக்கணும். இதுல பெரிய வம்பு, நீங்க திரையைத் திரும்பிப் பார்த்துப் பேசினா குரல் காணாமப் போயிடும். சவுண்ட்காரர் அதை ஈடுகட்ட வால்யூமை ஏத்துவார், நீங்க திரும்பி வந்ததும் 'கீ'ன்னு அடிக்கும். அப்புறம் எல்லாரும் சவுண்ட்காரரைத் திட்டுவாங்க.

கை மைக்: 12 நிமிஷத்துக்கு இதுதான் நம்பகம். உதட்டிலிருந்து 5 முதல் 8 செ.மீ., அதாவது மூணு நாலு விரல் அகலம். மைக் நேரா வாய்க்குள்ள பார்க்காம 45 டிகிரி சாய்ஞ்சு இருக்கட்டும். அப்பத்தான் 'ப'கரம் வரும்போது காத்து நேரா மோதி 'பும்'னு வெடிக்காது. தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும். அதனால 5 செ.மீ.ல ஆரம்பிச்சு, கை அசந்து 20 செ.மீ.க்கு இறங்கினா 12 டெசிபல் போச்சு. முழங்கையை லேசா உடம்போட அணைச்சு, தலை திரும்பும்போது மைக்கும் கூடவே திரும்பணும். (முழங்கை விலாவை விட்டு விலகணும்னு மேலே சொன்னது மைக் இல்லாத கைக்கு.)

தலைப்பகுதி வலையை உள்ளங்கையால பொத்திப் பிடிக்காதீங்க. பாட்டுக்காரங்களைப் பார்த்து நிறையப் பேர் செய்றாங்க. அந்த வகை மைக் முன்னால வர்றதை மட்டும் எடுக்கிறதுக்குக் காரணமே வலைக்குப் பின்பக்கம் இருக்கிற காத்துத் துவாரம்தான். அதை அடைச்சா நாலா பக்கமும் எடுக்க ஆரம்பிக்கும், உடனே ஊளை. அதே காரணத்தால பெட்டி ஸ்பீக்கருக்கு முன்னால நடந்து போகவும் கூடாது. மேடையோட எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு சவுண்ட்காரரைக் கேட்டு, அங்க ஒரு துண்டு டேப் ஒட்டிக்குங்க.

வீட்டுல பழக: ஷூர் எஸ்.எம்.58 மைக் கிட்டத்தட்ட 300 கிராம். அதே எடையில ஒரு டார்ச் லைட்டை ஒரு கையில, டி.வி. ரிமோட்டை இன்னொரு கையில பிடிச்சுக்கிட்டு முழு 12 நிமிஷமும் பேசுங்க. ஆறாவது நிமிஷத்துல கை இறங்குறது அப்பத் தெரியும்.

காலர் மைக்: கை ரெண்டும் விடுதலை, ஆனா சேலைக்கு இது கொஞ்சம் வேலை வைக்கும். தாடைக்குக் கீழே 15–20 செ.மீ., நெஞ்சுக்கு நடுவுல இருக்கணும். தோள் பக்கமா குத்தினா, தலையை மறுபக்கம் திருப்புறப்ப குரல் மங்கும். மடிப்பு வச்சுப் பின் குத்தின முந்தானையோட உள் ஓரத்துல மாட்டலாம். முந்தானையைத் தழையத் தழைய விட்டா மைக் ஊசலாடும். தாலிக்கொடி, நீளச் சங்கிலி, அடையாள அட்டை நாடா மூணும் மைக்கைத் தட்டும். ஒவ்வொரு தட்டும் ஸ்பீக்கர்ல உலக்கை இடிக்கிற மாதிரி கேட்கும். சங்கிலியை உள்ளே விடுங்க, அட்டையைக் கழட்டி வச்சுடுங்க. பட்டும் கஞ்சி போட்ட பருத்தியும் சரசரக்கும், துவைச்சுப் பழகின பருத்தி அமைதி. டிரான்ஸ்மிட்டர் பெட்டியைப் பின்னிடுப்புல பாவாடை நாடாவுல மாட்டணும். நாடா கெட்டியா இருக்கான்னு பாருங்க, பெட்டி கனத்துல இறங்கும். மாட்டுறதுக்குத் தனி அறையும் 10 நிமிஷமும் வேணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

வைஃபை, புளூடூத் ஓடுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஓடுற மலிவு காலர் மைக்னா எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில காலி அரங்கத்துல நல்லா இருக்கும். முந்நூறு பேர் கைபேசியில வைஃபை, புளூடூத் திறந்துக்கிட்டு உட்கார்ந்ததும் விட்டு விட்டுக் கேட்கும். சோதனை நேரத்துல சரியா இருந்துச்சேன்னு அப்புறம் புலம்பிப் பயனில்லை. புது பேட்டரி போட்டாச்சான்னு கேட்க வெட்கப்படாதீங்க.

இன்னொண்ணு, காலி அரங்கம் எதிரொலிக்கும். ஆளுங்க உட்கார்ந்தா உடம்பும் துணியும் ஒலியைக் குடிச்சுடும். சோதனையில் 'எதிரொலிக்குதே'ன்னு நீங்க குரலைக் குறைச்சுப் பழகாதீங்க.

"ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" மட்டும் சொல்லிட்டு இறங்காதீங்க. பேச்சோட முதல் நாலு வாக்கியத்தை அதே சத்தத்துல சொல்லுங்க. ஹலோவைக் கத்திச் சொல்லிட்டு அப்புறம் மெதுவாப் பேசினா, வச்ச அளவு எதுக்கும் ஆகாது.

---

நொய்யல்கரை

மிக்க நன்றி. வாக்கியத்தின் வால் விஷயம் சரியாக இருக்கும் போலிருக்கிறது, பதிவைக் கேட்டால் "இல்லை"கள் எல்லாம் முனகலாகத்தான் இருக்கின்றன.

துணைக் கேள்விகள். பயிற்சி வகுப்பில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, கேட்பவருக்குப் போய்ச் சேர்வதில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இரண்டு, மேடையேறும் முன் 2 நிமிடம் கைகளை இடுப்பில் வைத்து வீராங்கனை மாதிரி நின்றால் தன்னம்பிக்கை ஹார்மோன் கூடும். இரண்டையும் எவ்வளவு நம்பலாம்? கை நடுக்கத்துக்கும் வாய் வறட்சிக்கும் வழி இருக்கிறதா?

---

அளவைநூல்

7-38-55: அந்த வகுப்பில் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து கோத்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, முகப் படங்களோடு சேர்த்துக் காட்டி, "பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா" என்று கேட்டார்கள். சொல்லும் தொனியும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதற்கு மட்டுமே அது விடை. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சைத் தவிர வேறெதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். கலப்பு உப்பில் சோடியம் சல்பேட் எவ்வளவு என்பதைப் புருவத்தால் சொல்ல முடியாது.

வீராங்கனை நிலை: 2010இல் கார்னி, கடி, யாப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 42 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வு. கடி 2012இல் ஆற்றிய டெட் (TED) உரையால் உலகம் முழுக்கப் பரவியது. 2015இல் ரானெஹில் குழு 200 பேரை வைத்து மறுபடி செய்தபோது ஹார்மோன் மாற்றமும் இல்லை, நடத்தை மாற்றமும் இல்லை. "வலிமையாக உணர்ந்தேன்" என்று பங்கேற்றவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியது. 2016இல் கார்னியே இந்த விளைவில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். அப்படி நின்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஹார்மோன் கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

பதிலுக்கு இரண்டு ஆய்வுகள், இவை உங்களுக்குப் பயன்படும். சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் காட்டியது: நம் உள்ளே இருக்கும் பதற்றம் வெளியே தெரிகிறது என்று நாம் நினைக்கும் அளவுக்கு அது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதில் சுவையான பகுதி, இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள் சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆக, இந்த வரியைப் படித்ததே உங்களுக்கு ஒரு மருந்து. இன்னொன்று, அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல்: பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசியதாக மதிப்பிடப்பட்டார்கள். காரணம் எளிது. இதயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற குதிரையை நிறுத்துவதைவிடத் திசைதிருப்புவது சுலபம்.

நடுக்கம்: பதற்றம் உச்சத்தில் இருப்பது பேச்சின் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான், பிறகு இறங்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் கைக்கு நுணுக்கமான வேலை கொடுக்காதீர்கள். ஒற்றைத் தாள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், கெட்டி அட்டை காட்டாது. லேசர் புள்ளி இன்னும் மோசம், கை ஒரு மி.மீ. நடுங்கினால் திரையில் பல மடங்காக ஆடும். எல்.இ.டி. திரையில் லேசர் புள்ளி சரியாகத் தெரியவே தெரியாது என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. காட்ட வேண்டியதைச் சிலைடிலேயே வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.

முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதை மனப்பாடம் செய்யாதீர்கள். முழுதும் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் தவறினால் அடுத்த சொல் கிடைக்காது, கண் மேல்நோக்கிப் போய் நினைவில் தேடும். அவையும் அதைக் கண்டுபிடித்துவிடும்.

மூச்சு: 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடுவது, ஒரு நிமிடத்துக்கு 6 முறை. மேடையேறும் முன் 3 நிமிடம் போதும். வெளிமூச்சு நீளமாக இருக்கும்போது இதயத்துடிப்பு இறங்கும். ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றும், அது வேறு கதை.

வாய் வறட்சி பதற்றத்தால் உமிழ்நீர் குறைவதால் வருவது. அரங்கின் குளிர்சாதனமும் கூட்டும். அறை வெப்பத்தில் தண்ணீர், அரைமணி முன்னதாகவே சிறுகச் சிறுக. அடர்த்தியான காப்பியை அன்று தவிர்த்துவிடுங்கள், அது நடுக்கத்தைக் கூட்டும். நண்பர்கள் புரோப்ரனலால் மாத்திரை பற்றிச் சொல்லலாம். மருத்துவர் எழுதித்தராமல் வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

---

கொம்புகால்

சிலைடு பக்கத்திலிருந்து கொஞ்சம்.

தமிழ்ப் பகுதி பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் இன்றே யூனிகோடுக்கு மாற்றுங்கள். அரங்கக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, தலைப்பு முழுதும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். யூனிகோடிலும் நிர்மலா யுஐ போல விண்டோஸிலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள். வேறு அழகு எழுத்துரு வேண்டுமென்றால் பவர்பாயிண்டில் சேமிப்பு அமைப்புக்குள் போய் எழுத்துருவைக் கோப்போடு பதித்துச் சேமிக்கலாம். எதற்கும் ஒரு பி.டி.எஃப். பிரதி பென்டிரைவில் தனியாக இருக்கட்டும்.

எழுத்து 28 புள்ளிக்குக் கீழே வேண்டாம். தமிழுக்கு மேலே இகர விலங்கு, கீழே உகரச் சுழி எல்லாம் உண்டு, வரி இடைவெளியை 1.2க்கும் கீழே குறைத்தால் ஒன்றையொன்று முட்டும்.

இதற்கும் மேடையில் ஆள் தெரிவதற்கும் என்ன தொடர்பு? அவை படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேசினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும், பெரும்பாலும் படிப்புதான் வெல்லும். புதுச் சிலைடு வந்ததும் வாயை மூடி 2 நொடி நில்லுங்கள். அவர்கள் பார்த்து முடித்து உங்களிடம் திரும்பிய பிறகு பேசுங்கள். முக்கியமான இடம் வரும்போது பி விசையை அழுத்தினால் திரை கறுக்கும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். பல ரிமோட்டுகளிலும் இதற்குப் பொத்தான் உண்டு. திரை கறுத்ததும் 350 பேரும் உங்களைப் பார்ப்பார்கள், வேறு பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. 12 நிமிடத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. இரண்டு மொழியிலும் ஒரே வரியை எழுதுவதையும் விட்டுவிடுங்கள். தலைப்பு தமிழில், வேதிப் பெயரும் அலகும் ஆங்கிலத்தில் என்று பிரித்தால் பாதி எழுத்து குறையும்.

ரிமோட்டின் குட்டி ரிசீவரைக் கணினியின் பின்பக்கத் துளையில் சொருகினால் நடுவில் போடியமும் ஆட்களும் மறைப்பார்கள். ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் போட்டு மேலே கொண்டுவாருங்கள். வேலை செய்யாவிட்டால், நீங்கள் "அடுத்து" என்றதும் சிலைடை மாற்ற ஒரு ஆளைக் கணினி பக்கத்தில் உட்காரவைத்துவிடுங்கள். கையை நீட்டிப் பொத்தானை நாலு தடவை அழுத்திக்கொண்டு நிற்பதைவிட அது கௌரவம்.

---

மைக்செட்

திரையைக் கறுக்க வைக்கிறதுல ஒரு எச்சரிக்கை. மேடையில முகத்துக்கு முன்விளக்கு இருக்கான்னு முதல்ல பாருங்க. சில அரங்கத்துல திரை நல்லாத் தெரியட்டும்னு மேடை விளக்கை எல்லாம் அணைச்சுடுவாங்க. அப்ப உங்க முகத்துக்கு வெளிச்சமே அந்த எல்.இ.டி. திரையிலிருந்து பக்கவாட்டுல வர்றதுதான், அதையும் கறுக்கவச்சா கும்மிருட்டுல குரல் மட்டும் வரும். பேச்சுக்காரர் நிக்கிற இடத்துல மட்டும் முன்விளக்கு ஒண்ணு போடச் சொல்லுங்க. சரியான இடத்துல நிக்கிறீங்களான்னு தெரிஞ்சுக்க, விளக்கைப் பார்த்துக் கண் கூசுதான்னு பாருங்க. கூசினா முகத்துல வெளிச்சம் விழுதுன்னு அர்த்தம். கூசலையேன்னு வசதியா நிக்கிற இடம்தான் இருட்டு.

முகத்தை கேமராவுல எடுத்துத் திரையில போடுவாங்கன்னா மெல்லிய கோடு, சின்னக் கட்டம் போட்ட சேலை வேண்டாம். கேமராவுல நெளியும்.

பொன்னாடை போட்டாங்கன்னா பேசுறதுக்கு முன்னாடி கழட்டி நாற்காலியில வச்சுடுங்க. மரியாதைக் குறைவுன்னு யாரும் நினைக்கமாட்டாங்க. அதோட பேசினா காலர் மைக்கை மூடும், கையை மடக்கும்.

---

கட்டியக்காரன்

நடப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேடையில் உலாவினால் கம்பீரம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நோக்கமில்லாத நடை ஆட்டத்தின் இன்னொரு வடிவம்தான். பேச்சில் மூன்று பகுதி இருந்தால் மூன்று இடம் வைத்துக்கொள்ளுங்கள். நீரை மீட்பது பற்றி இடப்பக்கம், உப்பு மிஞ்சுவது பற்றி நடுவில், என்ன செய்யலாம் என்பதற்கு மேடையின் முன்விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது மட்டும் மூன்று நான்கு அடி, வாய் மூடியபடி. நின்ற பிறகு பேச்சு. மைக்செட் சொன்ன டேப் கோட்டுக்கும் விளக்கு விழும் வட்டத்துக்கும் உள்ளே இந்த மூன்று இடமும் அடங்காவிட்டால் ஒரே இடத்தில் நின்று பேசிவிட்டு வாருங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

விளிப்பு: "மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கி ஏழு பெயரும் பதவியும் சொன்னால் ஒன்றரை நிமிடம் போகும், 12இல் அது எட்டிலொரு பங்கு. அதற்குள் பெயர் ஒன்று விடுபட்டால் அந்தப் பதற்றம் வேறு. "அவைத்தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்" போதும், 5 நொடி. அதன்பின் நேராகப் பொருளுக்கு. "எனக்கு வாய்ப்பளித்த" என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்: "சாயக் கழிவுநீரிலிருந்து நீரைத் திரும்ப எடுத்துவிட்டோம். உப்பு மூட்டை மட்டும் ஷெட்டில் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று சொல்லத்தான் வந்தேன்." மூன்று வாக்கியம், மூன்று வினைமுற்று, பட்டறைக்காரருக்கும் விளங்கும். இங்கே "என் ஆய்வின் நோக்கமானது" என்று ஏட்டுத் தமிழில் போனால் பாதி அரங்கம் கைபேசியை எடுக்கும். முழுக்க வீட்டுப் பேச்சும் வேண்டாம். எழுத்துத் தமிழின் சொல், பேச்சுத் தமிழின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் ஆங்கிலத்துக்குச் சொல்லும் "நிமிடத்துக்கு 130–150 சொல்" தமிழுக்குப் பொருந்தாது. "சுத்திகரிக்கப்பட்டதற்குப்பின்" நமக்கு ஒரு சொல். கடிகாரம் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. தயாரிப்பு 10 நிமிடத்துக்கு இருக்கட்டும், மேடையில் இடைநிறுத்தமும் சிரிப்பும் சிலைடு தாமதமும் மீதி இரண்டைத் தின்றுவிடும். 8ஆவது நிமிடத்தில் எந்தச் சிலைடு இருக்க வேண்டும் என்று குறித்துவைத்து, பிந்தினால் எந்த இரண்டு சிலைடைத் தாண்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சிலைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போகும். வேகமாகப் பேசி ஈடுகட்டினால் முதலில் பலியாவது வாக்கியத்தின் வால்தான்.

பதிவு செய்து பார்ப்பதற்கு ஒரு முறை: கைபேசியை 5 மீட்டர் தள்ளி, முழு உடலும் தெரிய வையுங்கள். முதலில் ஒலியில்லாமல், இரட்டை வேகத்தில் பாருங்கள். சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமெல்லாம் பொம்மலாட்டம் மாதிரி தெரியும். பிறகு படத்தைப் பார்க்காமல் ஒலி மட்டும், கையில் அடிக்கோடிட்ட தாளோடு; விழுங்கிய கடைசிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு நாளைக்கு ஒரு குறையை மட்டும் திருத்துங்கள். காலையும் கையையும் குரலையும் ஒரே நாளில் எடுத்தால் பொம்மை மாதிரி நிற்பீர்கள். கடைசி மூன்று ஒத்திகையும் அதே சேலை, அதே செருப்பு, கையில் டார்ச்சோடு.

கேள்வி நேரத்தில்தான் பலரும் கட்டியதைக் கலைத்துவிடுகிறார்கள். பேச்சு முடிந்ததும் தோள் தொங்கும், ஒரு கால் பின்னால் போகும், "ஓகே, அவ்வளவுதான்" என்று வரும். கடைசி வாக்கியத்தைச் சொல்லி, நன்றி சொல்லி, அதே இடத்தில் அதே நிலையில் நில்லுங்கள். கேள்வி கேட்பவர் பேசும்போது அவரையே பாருங்கள், தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். அவரிடம் மைக் இல்லாவிட்டால் கேள்வியை ஒரே வரியில் திரும்பச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் 5 நொடி கிடைக்கும். பதிலின் முதல் வாக்கியத்தை அவருக்கும், மீதியை அரங்கத்துக்கும், கடைசி வாக்கியத்தை வேறு ஒருவருக்கும் சொல்லி முடியுங்கள். அவரையே பார்த்து முடித்தால் "இன்னொரு துணைக் கேள்வி" என்று எழுவார், 3 நிமிடமும் அவருக்கே போய்விடும். பட்டறைக்காரர் ஒருவர் "டன்னுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார், அது உறுதி. அந்த எண்ணை நாக்கு நுனியில் வைத்திருங்கள்.

---

நொய்யல்கரை

கை மைக், அவையினரின் இடப்பக்கம், ஒரே ஒரு முறை திரை கறுப்பு என்று முடிவு செய்துவிட்டேன். டன் கணக்கைப் போக்குவரத்துச் செலவோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை போட்டுவைக்கிறேன். 28 புள்ளிக்கு மாற்றியதில் மூன்று சிலைடு நிரம்பி வழிகிறது, அதைக் குறைப்பதுதான் இன்றைய வேலை.